ரோமாபுரி வரைக்கும்

"பெரிய வீடுன்னா அஞ்சே நிமிஷம். நம்மள மாதிரி வீடுன்னா ஆதாம் ஏவாள்லேருந்து. பாத்துக்கிட்டே இரு, இன்னைக்குக் கால் மரத்துப் போகாம எந்திரிக்க மாட்டோம்" என்று தையல்காரியின் காதில் கிசுகிசுத்தாள் பக்கத்து வீட்டு நர்ஸ்.

தையல்காரி சிரித்து வைத்தாள். சிரிக்கும் நிலையில் அவள் இல்லை.

சபையாரின் ஜெபக்கூட்டம் மாதம் ஒரு வீட்டில். இந்த மாதம் அவள் முறை. தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளி, எல்லோரையும் உட்கார வைத்தாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் டீ கொடுக்க வேண்டும். அடுப்படியில் பால் இல்லை. சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியாகிவிட்டது. அரிசி டின்னைத் திறக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய் நாளாகிறது.

லாரி ஓட்டும் கணவன் கால் உடைந்து, கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தான்.

"சபையில வாயைத் திறந்துடாதே" என்று காலையிலேயே சொல்லியிருந்தான். "காலுக்கு வேணா ஜெபிக்கட்டும். அடுப்பு எரியலைன்னு சொன்னியோ, ஞாயித்துக்கிழமை மைக்குல படிச்சுடுவாங்க."

"அப்ப டீக்கு?"

"கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு."

ஜெபம் முடிந்த கையோடு பொய்.

ஜெபம் நடத்தும் சரித்திர வாத்தியார் எழுந்து நின்றார். ஓய்வு பெற்றவர். ஜெபத்தை உலகப் படைப்பிலிருந்து ஆரம்பிப்பதால், பைபிளின் முதல் புத்தகமான 'ஆதியாகமம்'தான் சபையில் அவருக்குப் பட்டப்பெயர்.

"டாக்டர் வீட்ல மட்டும் ஆதியாகமம் எங்க போச்சாம்?" என்றாள் நர்ஸ். "ஆண்டவரே ஆசீர்வதியும், ஆமென். அவ்வளவுதான்."

வாத்தியாரின் மனைவி, பெரிய துணிப்பையை அணைத்தபடி அடுப்படி வாசலை ஒட்டி உட்கார்ந்தார். போன வாரம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தபோதும், 'தண்ணி நானே எடுத்துக்கறேம்மா' என்று அடுப்படிக்குள் போய் வர நேரமாக்கியவர்.

"அந்தம்மாவுக்கு எங்க போனாலும் அந்த இடம்தான். டீ வாசனை முதல்ல பிடிக்கணும்ல?" என்றாள் நர்ஸ்.

"சும்மா இருங்கக்கா" என்றாள் தையல்காரி.

"கண்களை மூடுவோம்" என்றார் வாத்தியார்.

வெளிச்சம் உண்டானது. ஏதேன் முடிந்து, பேழை மிதந்து, யோசேப்பு குழியில் விழுந்தான். எகிப்தில் பஞ்சம் வந்தது.

தையல்காரிக்கு நெஞ்சு எரிந்தது. இருக்கிறவன் வீட்டுக்கு ஒரு ஜெபம், இல்லாதவன் வீட்டுக்கு ஒரு ஜெபமா? பஞ்சத்தின் சரித்திரத்தை இந்த வீட்டில் வந்துதான் சொல்ல வேண்டுமா?

கேஸ் தீர்ந்துடுச்சுக்கா. இன்னைக்குப் பார்த்து. மூடிய கண்ணுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

அடுப்படியில் 'ணங்' என்றது. அதே நொடியில் வாத்தியாரின் குரல் ஓங்கி, செங்கடல் இடியோசையோடு பிளந்தது.

எலியாக இருக்கும். பாவம், அதற்கும் இந்த வீட்டில் ஒன்றும் கிடைக்காது. கண்ணைத் திறந்து பார்க்கலாமா? சின்ன வயதில் ஜெபத்தில் கண் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அம்மா போய்ச் சேர்ந்தும் தொடை மறக்கவில்லை.

ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். எருசலேம் எரிந்தது. பாபிலோனுக்குச் சிறை போன ஜனங்கள் அழுதுகொண்டே போய், பாடிக்கொண்டே திரும்பினார்கள். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் 'ஆமென்' சொல்ல மூச்சை இழுத்தார்கள்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ரோமாபுரிக்குப் புறப்பட்டார்.

"ஐயோ" என்றாள் நர்ஸ், வாய்க்குள்.

சிங்கங்களின் முன்னால் விசுவாசிகள் வந்து நின்றபோது யாரோ இருமினார்கள். சிங்கங்களை அப்படியே விட்டுவிட்டு, "ஆமென்" என்றார் வாத்தியார்.

தையல்காரி எழுந்தாள். பொய் சொல்லத் தொண்டை நனைய வேண்டுமே என்று அடுப்படிக்குள் போனாள்.

அரிசி டின்னின் மூடி சரியாக உட்காராமல் இருந்தது. அழுத்தினாள். அழுந்தவில்லை. திறந்தால், கழுத்து வரை அரிசி. சர்க்கரை டப்பா கனத்தது. டீத்தூள், பருப்பு, எண்ணெய். மேடைமேல் பால் பாக்கெட்டுகள், குளிர் விடாமல் வியர்த்துக்கொண்டிருந்தன.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீ உண்டா, இல்லையா? ரோமாபுரி வரைக்கும் நடந்து வந்திருக்கோம்!" வெளியிலிருந்து நர்ஸின் குரல்.

"இதோக்கா, கொதிச்சுட்டே இருக்கு!"

அடுப்பைப் பற்ற வைத்தாள். கேஸ் இருந்தது. எப்போதுமே இருந்தது.

எல்லோரும் போன பிறகு பார்த்தால், மிஷின்மேல் வாத்தியாரின் குடை. எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் வாத்தியாரும் மனைவியும் மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். வரும்போது புடைத்திருந்த துணிப்பை, மடித்து அந்த அம்மாவின் கைக்குள் அடங்கியிருந்தது.

தையல்காரி கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் வாத்தியார் பேசினார்.

"ஏன் இன்னைக்கு இவ்வளவு நேரம்? பாபிலோன்லேருந்து ஜனங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தும் உன் இருமலைக் காணோம். ரோமாபுரி வரைக்கும் போக வேண்டியதாப் போச்சு."

"நான் என்னங்க பண்ணுவேன்? அரிசி டின் மூடி துரு ஏறி இறுகிக் கிடந்துச்சு. அதைத் திறக்கவே எகிப்து முடிஞ்சுபோச்சு. நல்லவேளை, கை தவறினப்போ சரியா செங்கடலைப் பிளந்தீங்க."

தையல்காரி குடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி இருட்டிலேயே நின்றுவிட்டாள். குடையை நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம், பிளவுஸோடு சேர்த்து.

"அடுத்த மாசம் யார் வீடு?" என்று கேட்டார் வாத்தியார்.

"வக்கீல் வீடு."

"அப்பாடா! அஞ்சு நிமிஷத்துல ஆமென் சொல்லிடலாம்."