ஏணிப்படியின் கோடு

ஜன்னல் வெயில், தரையில் விரித்த பழைய செய்தித்தாளில் விழுந்து கிடக்கிறது. அதன்மேல் மகளின் தோல் பூட்ஸ். அப்பா லேஸை உருவிப் போட்டுவிட்டு, காய்ந்த சேற்றைப் பிரஷ்ஷால் தட்டுகிறார். மின்கம்பம் ஏறியே ஓய்வு பெற்றவர். அதே வேலைக்குப் போன மகள் போன வருடம் கம்பத்திலிருந்து விழுந்து பிழைத்தாள். இனி ஆபீஸ் வேலைதான் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியமும் செய்தாள். ஆபீஸ் நாற்காலியில் இவ்வளவு சேறு ஏது என்று அவர் கேட்கவில்லை. ஈரத்துணியால் துடைத்ததும், பூட்ஸின் உள்வளைவில் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. ஏணிப்படி அழுத்தி அழுத்தி விழுந்த கோடு. அவர் நிமிர்கிறார். கதவோரம் நிற்கும் மகள் சுவரைப் பார்க்கிறாள். அவர் விரலில் பாலிஷைத் தொட்டு, அந்தக் கோட்டின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார். தோல் கறுத்து, கோடு மெல்ல மங்குகிறது. "ஒரே இடத்தையே எவ்வளவு நேரம் தேய்ப்பீங்க?" அம்மா சமையலறையிலிருந்து வருகிறாள். "தோல் காஞ்சு கெடக்கு, அதான்." "ம்." அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து பிரிக்காத புது லேஸை எடுத்து அவர் மடியில் போடுகிறாள். "பழசு நைஞ்சு போச்சு. இதை நல்லா இறுக்கிக் கோத்துக் குடுங்க. மேல ஏறுறவளுக்குக் கால் வழுக்கக் கூடாது."