மகிமை யாருக்கு

டெல்பின் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். வரும் ஞாயிறு ஆராதனையில் அவள் சாட்சி சொல்ல வேண்டும், பிழைத்து வந்த கதையை.

ஒத்திகை கேட்பவள் அக்கா சிசிலியா. டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில், பீன்ஸ் நறுக்கியபடியே காதைத் தீட்டி வைத்திருந்தாள்.

டாக்டருக்கு ஞானம் தந்தது கர்த்தராம். மூச்சு முட்டிய அன்று ஆட்டோ கிடைத்ததுகூட கர்த்தராலாம்.

அடிப்பாவி! மூடுபனியில் நடுரோட்டில் நின்று, "பையா, ருக்கோ" என்று தொண்டை கிழியக் கத்தி ஆட்டோவை மறித்தவள் சிசிலியா.

எப்போதும் இதே கதைதான். சின்ன வயதில் மீனில் நடுத்துண்டு டெல்பினுக்கு, வால் சிசிலியாவுக்கு. இப்போதும் சபையார் திரண்டு வந்து டெல்பினுக்காகத்தான் ஜெபித்தார்கள். பாஸ்டரம்மா அவளுக்கு மட்டும் கம்பளிச் சால்வை போர்த்தினார். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டது யாராம்?

அத்தனை பேர் முன்னால், மைக்கில், ஒரே ஒரு தடவை 'என் அக்கா சிசிலியா' என்று வந்தால் போதும். அது வருகிற வழியாகத் தெரியவில்லை. சிசிலியா பீன்ஸை வெடுக் வெடுக்கென்று நறுக்கினாள்.

டெல்பின் அடுத்த தாளுக்கு வந்தாள். "கர்த்தர் எனக்கு ஒரு கிட்னி தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்."

சிசிலியாவின் கத்தி நின்றது.

"ஏட்டி, தந்த கர்த்தருக்கு இடப்பக்கம் திரும்பிப் படுத்தா இன்னும் வலிக்குதான்னு கேட்டியா?"

டெல்பினின் முகம் சுண்டிப்போயிற்று. சாட்சியில் மனுஷர் பெயரை எடுக்கக் கூடாது, மகிமை முழுவதும் கர்த்தருக்கே என்பது அவர்கள் சபை வழக்கம். போன மாதம் டாக்டரைப் புகழ்ந்த சுவிசேஷமுத்துவை பாஸ்டர் பாதியிலேயே உட்கார வைத்துவிட்டார்.

சிசிலியாவுக்கும் இது தெரியும். தெரிந்தால் பொறாமை போய்விடுமா? அதுவும் போயும் போயும் கர்த்தர் மேல்! நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

"முடிக்க விடுக்கா. இன்னும் கொஞ்சம் இருக்கு."

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் டெல்பின் வாசித்தாள்.

"ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகையில் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து ஸ்ட்ரெச்சரில், பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, கர்த்தர் படுத்திருந்தார். 'பயப்படாதட்டி, நான் இருக்கேன்லா' என்றார்."

சிசிலியா நைட்டிக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த இடத்தை மட்டும் மைக்குல நிதானமாச் சொல்லணும்," என்றாள். "எங்க, இன்னொரு தடவை வாசி."