கூஜாவில் விழுந்த முகம்

"பதினோரு வருஷம் உங்ககூட இருந்தாரே பாய்ஜான், ஒரு போட்டோகூடவா இல்லாம போச்சு?"

சகீனா முர்தசாவிடம் கேட்டாள். மொராதாபாத்தில் பித்தளைச் சாமான் ஏற்றுமதி செய்கிறவர்கள் படம் எடுக்க வருவது அவருடைய ஸ்டூடியோவுக்குத்தான். அங்கே வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைப் பலகை பிடித்து நின்ற இத்ரீஸ், மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து அவன் மனைவி சகீனா இன்றுதான் வெளியே வந்திருக்கிறாள், நாலு வயது மகள் நஜ்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

"கல்யாணத்துல எடுத்தது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ராம்கங்கா வெள்ளத்துல பெட்டியோட போயிருச்சு. எனக்கு வேணாம் பாய்ஜான், என் கண்ணுக்குள்ளேயே இருக்கார். இவதான்... கண்ண மூடினா அப்பா முகம் வரமாட்டேங்குதுன்னு ராத்திரியெல்லாம் அழறா."

நஜ்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆணியில் ஒரு பழுப்புக் கம்பளித் தொப்பி தொங்கியது.

"அப்பா தொப்பி" என்றாள்.

முர்தசா மேசைப் பக்கம் திரும்பினார். மேசைமேல் வெள்ளைத் துணிக் கூடாரம் மூடியபடி இருந்தது. உள்ளே நாளைக்கு எடுக்க வேண்டிய சாமான்.

"என்ன சொல்லட்டும் பாபி? எங்க தொழில் அப்படி. பளபளன்னு இருக்குற பாத்திரம் எதிர்ல எது நின்னாலும் காட்டிக் குடுத்துரும். அதனாலதான் சுத்தித் துணி கட்டி, ஓட்டை போட்டு, அது வழியா எடுக்கறோம். நான் கறுப்புச் சட்டையிலதான் நிப்பேன். அவன் பலகைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். ஒரு விரல் நகம் உள்ள தெரிஞ்சாலும் ஃபிலிம் வீண், கத்துவேன்."

"வீட்டுக்கு வந்து சொல்லுவார். 'இன்னைக்கும் பாய்ஜான் கண்ணுல மாட்டல'ன்னு."

"கெட்டிக்காரப் பயல். 'டேய், நீ மனுஷனா, ஜின் பிசாசாடா? ஒரு குண்டாவுலகூட விழ மாட்டேங்குற'ம்பேன். 'விழுந்தா நீங்க திட்டுவீங்களே'ம்பான்."

சகீனா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது அவள் நகக்கண்களெல்லாம் கறுத்திருந்ததை முர்தசா கவனித்தார்.

"மெருகு வேலையா பாபி?"

"ஆமா. அவர் போனதுலேர்ந்து வீட்டுக்கே சாமான் அனுப்புறாங்க. வயிறு இருக்கே."

ஆயிரக்கணக்கான பாத்திரங்களைப் படம் எடுத்தோமே, கூட நின்றவனை ஒரு தடவை 'இப்படி வந்து நில்லுடா' என்று கூப்பிட்டோமா என்று முர்தசாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவனுக்கென்று ஒரே ஒரு ஃபிலிம் செலவழித்திருந்தால் சொத்தா அழிந்துபோயிருக்கும்?

"பாபி, பழைய நெகட்டிவ் எல்லாம் மூட்டை மூட்டையாக் கிடக்கு. வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்கேயாவது தப்பித்தவறி விழுந்திருப்பான். சனிக்கிழமை வாங்க. தேடி வைக்கறேன்."

"கிடைக்குமா பாய்ஜான்?"

"அல்லா குடுப்பான், போங்க."

புதனும் வியாழனும் உறைகளைப் பிரித்துப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டு, தாம்பாளம், மெழுகுவத்தித் தாங்கி, பூச்சாடி எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் துணியின் வெள்ளை, நெகட்டிவில் வெறும் கறுப்பாகப் படிந்திருந்தது; ஆள் அடையாளமே இல்லை. பாவிப்பயல் அத்தனை சுத்தமாக வேலை பார்த்திருந்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். இருட்டறையை விட்டு வெளியே வரும்போது சாயங்காலமாகிவிட்டது.

சனிக்கிழமை சகீனா வந்ததும் உறையை நீட்டினார்.

"கிடைச்சிருச்சு பாபி."

வயிறு பெருத்த ஒரு கூஜாவின் படம். அதன் வயிற்றில், பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஆள் நின்றான். பாத்திரத்தின் வளைவில் முகம் கொஞ்சம் அகன்று, கண்ணும் மூக்கும் மங்கலாகத் தெரிந்தன.

"அப்பா!" நஜ்மா கத்திவிட்டாள். "அம்மி, அப்பா! தொப்பி போட்டிருக்கார் பாரு! என்னைத்தான் பாக்குறார்!"

படத்தைப் பிடுங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"இப்ப வர்றார் அம்மி."

முர்தசா தலையைத் திருப்பிக்கொண்டார். சகீனா குனிந்து, மகளின் கையில் இருந்தபடியே படத்தை நெடுநேரம் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கூஜாவின் கழுத்தில் சுற்றிப்போன திராட்சைக் கொடியைப் பார்த்தாள். அழவில்லை.

"சந்தோஷமா பாபி?"

"ரொம்ப. அல்லா உங்களுக்குக் குறை வைக்க மாட்டான்."

மகளை முன்னால் விட்டுப் படியில் ஒரு கால் வைத்தவள் நின்றாள். நஜ்மா கீழே போகும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாய்ஜான், இந்தத் திராட்சைக் கொடி கூஜா போன மாசம்தான் வார்ப்படத்துலேர்ந்து வந்துச்சு. மூணு நாள் உக்காந்து மெருகு போட்டது நான்தான். யார்கிட்டயும் சொல்லிராதீங்க... அவளுக்கு இதுவே அப்பாவா இருக்கட்டும்."

இருபது வருஷமாக எந்தப் பாத்திரத்திலும் விழாமல் காப்பாற்றி வந்த தன் முகம், ஒரு பிள்ளையின் நெஞ்சோடு சேர்ந்து தெருவில் போவதை முர்தசா பார்த்துக்கொண்டே நின்றார்.