கிளாப் சத்தம்

திரையில் அந்த அம்மா “நல்லா இருக்கணும்பா” என்று சொல்லி வாயை மூடிவிட்டார். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

“என்ன தம்பி, வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுது?” என்றார், பின்னால் சோபாவில் சாய்ந்திருந்த வள்ளல். ஏழைகளுக்கு உதவுவதை வீடியோ எடுத்துப் போடுகிறவர். அந்தப் பட்டத்தையும் தனக்குத்தானே வைத்துக்கொண்டவர்.

“கேமரால மைக் வேலை செய்யல சார். உங்க சட்டைல மாட்டியிருந்த மைக்ல தனியாப் பதிவானதுதான் இருக்கு. ரெண்டையும் நான்தான் ஒட்டணும்,” என்றார் எடிட்டர்.

ஒட்டுவதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அதற்காகத்தான் கேமராவை ஓடவிட்டதும் அதன் முன்னால் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுவார்கள். படத்தில் கை சேரும் இடத்தில் அந்தச் சத்தத்தை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும்.

பதிவில் ‘பட்’டென்று ஒரு சத்தம் தெளிவாக இருந்தது. படத்தில்தான் கையைக் காணோம். எடிட்டர் குத்துமதிப்பாக அதைப் படத்தின் தொடக்கத்தில் வைத்திருந்தார். அதனால்தான் இந்தக் குளறுபடி.

படம் தொடங்கும்போதே அந்த அம்மா கண்ணீரும் கம்பலையுமாக நின்றார். எடிட்டருக்கு அருவருப்பாக இருந்தது. வள்ளல் கொடுத்த ஒரு கம்பளிக்கு யாராவது இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுவார்களா? அதுவும் ஒரு கன்னம் மட்டும் சிவந்திருந்தது. நடிக்கக் கூட்டி வந்தவர்கள் மேக்கப்பையாவது இரண்டு பக்கமும் போட்டிருக்கக் கூடாதா?

“பாவங்க, நிஜமாவே அழுவுது,” என்று காலையில் எட்டிப் பார்த்த மனைவி சொன்னாள்.

“போடி, எல்லாம் கூலிக்கு அழுவுறது. மூஞ்சியப் பாத்தாலே குமட்டுது,” என்று அவள் வாயை அடைத்திருந்தார்.

“இன்னிக்கே போட்டாகணும் தம்பி. ஜனங்க காத்துட்டிருக்காங்க.” வள்ளல் கடலையை வாயில் போட்டு மென்றார்.

வேறு வழியில்லாமல் எடிட்டர் உதட்டையே அடையாளமாக எடுத்துக்கொண்டார். ‘இருக்கணும்பா’ என்னும்போது உதடு ஒட்டிப் பிரியும் இடம் பார்த்து, அங்கே குரலை இழுத்து வைத்தார். பொருந்திவிட்டது. ஒரு விம்மல்கூடப் பிசகவில்லை.

‘பட்’டென்ற அந்தச் சத்தம் மட்டும் படம் தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் போய் நின்றது. எடிட்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேமராமேனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஏம்ப்பா, கை தட்டுறதுக்கு முன்னாடி கேமராவ ஆன் பண்ண மாட்டியா? என் பாதி நாள் போச்சு!”

“நான் தட்டவே இல்லண்ணே.”

“அப்ப யாரு தட்டினது? பட்டுன்னு கேக்குதே!”

ஃபோன் துண்டிக்கப்பட்டது.

வள்ளல் கையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தார்.

“கிளாப்லாம் யாரும் தட்டல தம்பி. அந்தம்மாவுக்கு அழுகையே வரல, அதான்.”