கதவுக்குள் எழுதிய தேதி

தையல் டீச்சரின் விரலை யாரும் ஏமாற்ற முடியாது. கார்க் கதவில் ஒடுக்கு எடுத்த இடத்தைத் தடவிப் பார்த்தவள் வண்டியை நேரே டிங்கர் பட்டறைக்கு ஓட்டிப்போனாள்.

"புதுசா அடிச்ச பெயின்ட் இப்படியா அலையலையா இருக்கும்? ஒரே இடத்துல ரெண்டு தடவை வேலை பார்த்த மாதிரி இருக்கு. பழைய கதவை மாட்டிட்டீங்களா?"

டிங்கருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேலை முடிஞ்சா கதவுக்குள்ள தேதி எழுதிடுவேன் டீச்சர். நீங்களே பாருங்க."

கதவின் உள் அட்டையைக் கழற்றினார். போன மாதத் தேதி இருந்தது. அதற்குக் கீழே, அதே எழுத்தில், வருகிற வெள்ளிக்கிழமையின் தேதி.

"இது?"

"என் கையெழுத்துதான். ஆனா நான் எழுதலை."

மழுப்புகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வெள்ளியன்று மகள் அந்தக் காரில்தான் பரீட்சைக்குப் போவதாக இருந்தாள். எதற்கு வம்பென்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மகள் பஸ்ஸில் போய் நல்லபடியாகத் திரும்பினாள். டீச்சர் மூச்சு விட்ட நேரத்தில் போன் அடித்தது.

"டீச்சர், பட்டறை பூட்டியிருந்துச்சு. சாவி என்கிட்டதான் இருந்துச்சு. இப்ப அதே கதவுல புது ஒடுக்கு."

"யாருக்குக் காதுல பூ சுத்துறீங்க?"

"உள்ளயும் பார்த்தேன். மூணாவதா ஒரு தேதி இருக்கு. அது என் கையெழுத்து இல்லை. போட்டோ அனுப்புறேன்."

படம் வந்தது. நாளைய தேதி, பதினேழு. ஏழின் நடுவே குறுக்காக ஒரு சின்னக் கோடு.

டீச்சர் வீட்டில் மகள் மட்டும்தான் ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுவாள்.