நடுச்சுவர்

“இந்த வீட்டை விட்டுட்டு அந்த வீடா கேக்கறீங்க?”

தரகர் தன் காதையே நம்பவில்லை. ஒரே தெரு, ஒரே அளவு மனை, ஒரே சமயத்தில் கட்டிய இரண்டு வீடுகள். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எல்லாம் அமைப்பால் வந்தது என்று, வீடு வாங்க வந்த அந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் காலையிலிருந்து தொண்டை வற்ற விளக்கியிருந்தார்.

முதல் வீட்டின் நடுவே விசாலமான கூடம். எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும். இரண்டாவது வீட்டிலோ கூடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சுவர். இரண்டு வாசல், இரண்டு சமையலறை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக் கொல்லையைச் சுற்ற வேண்டும். யாரும் சீண்டாமல் கிடந்த வீடு அது.

பணம் குறைவோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. முதல் வீட்டின் விலையும் கட்டுப்படியாகும் என்றார்கள்; இதற்குச் சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டினார்கள்.

பாதியை வாடகைக்கு விடப் போகிறார்களா என்று கேட்டார். இல்லையாம். பெரியவர்கள் யாராவது கூட வந்து இருக்கப்போகிறார்களா? அதுவும் இல்லையாம். தரகருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

அவர்களுக்குள் ஒற்றுமைக்கும் குறைவில்லை. அவருக்குப் படிக்க வெளிச்சம் வேண்டுமே என்று அந்தப் பெண் ஜன்னல்களைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு மூட்டுவலி, படி உயரமாக இருக்கக் கூடாது என்று அவர் வாசலில் குனிந்து பார்த்தார். தன் வீட்டில் திரைச்சீலை வாங்கப் போனாலே சண்டையில் முடிவதை நினைத்துத் தரகர் பெருமூச்சு விட்டார்.

மனசு கேட்காமல், வரப்போகிற தரகுக்கூலியை மறந்து உண்மையைச் சொன்னார்.

“நாளைக்கு விக்கணும்னா இது போகாது, சார். அந்தச் சுவரை மட்டும் இடிச்சுப் போட்டீங்கன்னா விலை எங்கேயோ போயிடும்.”

“சுவர் இருக்கட்டும்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

“தப்பா நினைக்காதீங்க. குடும்பமா வாழறவங்களுக்கு இந்த வீடு எப்படிச் சரிப்படும்?”

அந்தப் பெண் கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தாள். ஏழு வயது மகள் அங்கே தண்ணீர்த் தொட்டியில் இலைகளை மிதக்க விட்டுக்கொண்டிருந்தாள். தாயின் குரல் தாழ்ந்தது.

“எங்களுக்குப் போன மாசம் விவாகரத்து ஆயிடுச்சு. அம்மா வேணுமா, அப்பா வேணுமான்னு அவகிட்ட கேக்கத்தான் ரெண்டு பேருக்கும் மனசு வரல.”