வீட்டுக்கு வந்தால் படுத்துவிடும்

“மறுபடியும் புட்டுக்கிச்சு பாரு! உன் வேலைக்கு வேட்டு வைக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!”

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் டெக்னீஷியன் பெண் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். மேஜைமேல் அவருடைய லேப்டாப், அதில் மெஷின் செயலிழந்ததைக் காட்டும் நீலத் திரை. வைஃபையில் சேர்த்ததும் இப்படி விழுவது இது மூன்றாவது தடவை, மூன்று தடவையும் பழுது பார்க்க வந்தவள் இவள்தான். வேலையில் சேர்ந்து இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. இவர் ஒரு புகார் கொடுத்தால் போதும், கடையில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

“கடைக்குக் கொண்டு வந்தா நல்லாத்தானே ஓடுது சார்...”

“அதைத்தான் நானும் கேக்கிறேன்! அங்க குதிரை மாதிரி ஓடுது, வீட்டுக்கு வந்தா படுத்துடுது. பேய் பிடிச்சிருக்கா?”

சமையலறை வாசலில் அவருடைய மனைவி, பாத்திரம் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள். முந்தைய இரண்டு தடவையும் இப்படித்தான் நின்றாள். பாவம், அந்தக் கத்தலுக்குச் சுவரே ஆடும், அவள் எம்மாத்திரம்!

பெண் எதையெதையோ திறந்து பார்த்துவிட்டு, “டிரைவர்தான் சார் பிரச்சினை” என்றாள்.

அவர் திரும்பிய வேகம் இருக்கிறதே! பார்வை நேராக மனைவிமேல் போய் நின்றது.

“எந்த டிரைவர்? இந்த வீட்டுக்கு எந்த டிரைவர் வர்றான்?”

“ஐயோ, ஆளில்ல சார்! வைஃபையை ஓட்டுற சாஃப்ட்வேருக்குப் பேரு டிரைவர். பழைய டிரைவர் உங்க மோடத்தோட ஒத்துப்போகாம மெஷினையே கவுத்துடுது. கடையில மோடம் வேற, அதான் அங்க ஓடுது.”

வேறு வீடாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இங்கே சிரிப்பு எப்படி வரும்? இவளை உள்ளே விட்டதும் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட மனிதர் அவர். திருட்டு பயமாம்.

அப்போதுதான் இவளுக்கு உறைத்தது. போன தடவை பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதியதைத் தன் கையாலேயே போட்டிருந்தாள். இப்போது இருப்பது பழையது. அது தானாகத் திரும்பாது, யாராவது கைவைத்தால்தான் உண்டு.

“வீட்ல வேற யாராவது இதைத் தொட்டாங்களா சார்?”

“யாரு, இவளா? இவளுக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. மோடமே மாடி ரூம்ல பூட்டித்தான் இருக்கு. நான் உக்காரும்போது மட்டும்தான் போடுவேன்.”

‘உங்க வீட்லதான் யாரோ மாத்தியிருக்காங்க’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, இவள் வேலை பிழைத்துவிடும். வாயைத் திறந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் மனைவி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

“மோ... மோடத்தை ஒரு தடவை நிறுத்திப் போடணும் சார்” என்று பெண் உளறினாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். மேலே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதும் இவள் சமையலறை வாசலுக்கு ஓடினாள்.

“அக்கா, தெரியாம எதையாவது அமுக்கிட்டீங்களா? பயப்படாதீங்க, நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். என் தலைல விடிஞ்சாலும் பரவாயில்ல.”

“தெரியாம இல்லம்மா.” குரல் வெறும் காற்றாக வந்தது. “அவர் குளிக்கப் போனப்ப நான்தான் பழசைப் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் உன் வேலைதான் பார்த்தேன். கடையில ஓடணும், வீட்ல மட்டும் படுக்கணும்னு பார்த்துப் பார்த்துக் கெடுத்தேன்.”

இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன்க்கா? என் பொழப்பு உங்களுக்கு விளையாட்டா?”

மாடியில் பூட்டு மூடிக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. மனைவி இவள் கையைப் பற்றினாள்.

“வெளிய போனதும் போலீஸ்ல சொல்லும்மா. இந்தச் சனியன் கெட்டுப்போனாத்தான் அவரு வாசக்கதவைத் திறக்கிறாரு.”